பட்டியலில் இல்லாத காரணம்

விபத்து அறிக்கைப் படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதைச் சொடுக்கினால் நான்கு வரிகள் விரியும்: பணியாளரின் கவனக்குறைவு, இயந்திரக் கோளாறு, மின்தடை, பிற. படிவத்தை நிரப்பியவர் முதல் வரியைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை.

கிடங்குகளுக்குள் ஆளில்லாமல் ஓடும் சரக்கு வண்டிகளுக்கு மென்பொருள் எழுதுவது அப்போது என் வேலை. வண்டியின் நெற்றியில் ஒரு கேமரா. எதிரில் ஏதாவது தென்பட்டால் வண்டி நிற்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் கேமராவுக்கு எல்லாமே ‘ஏதாவது’தான். காற்றில் புரளும் பிளாஸ்டிக் உறை, தரையில் மின்னும் ஈரம், மேலே விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியதில் விழுந்த நிழல். ஒன்றுமில்லாததற்கெல்லாம் வண்டி நின்றது. ஒரு வண்டி நின்றால் பின்னால் வரும் ஐந்தும் நிற்கும். கிடங்கு மேலாளர் தினமும் தொலைபேசியில் கத்தினார். ஒரு கூட்டம் போட்டோம். அடுத்தடுத்து 3 படங்களில் தடை தெரிந்தால் நில் என்றிருந்த விதியை 8 படங்கள் என்று மாற்றலாம் என முடிவானது. மாற்றியது நான். மூன்றை அழித்துவிட்டு எட்டு போட்டேன், அவ்வளவுதான் வேலை. மாற்றக் குறிப்பில் ‘தேவையற்ற நிறுத்தங்களைக் குறைத்தல்’ என்று எழுதினேன். வண்டிகள் தண்ணீர்போல ஓடின. கூட்டத்தில் இருந்தவர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

சில வாரங்கள் கழித்து ஒரு வண்டி அங்கே வேலை பார்த்த ஒருவரின் கணுக்காலில் ஏறியது. எலும்பு முறிந்தது. மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தபோது அவரே ஆரம்பித்தார்: “நான்தான் சார் பார்க்காம நின்னுட்டேன்.”

அந்தக் கேமரா நொடிக்கு 20 படம் எடுக்கும். ஐந்து படம் கூடுதலாகக் காத்திருந்தால் கால் நொடி. வண்டியின் வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர். ஆக நான் மாற்றிய எண்ணின் நீளம் சுமார் 37 சென்டிமீட்டர். மோதலைத் தவிர்க்க அது போதுமாக இருந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கை அன்று போட்டவன் நான் ஒருவன்தான், அதுவும் வீட்டுக்கு வந்து, இரவில், யாரும் கேட்காமல்.

அதற்கப்புறம் இந்த மாதிரி வழக்குகளைத் தேடித் தேடிப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

குற்றவியல் சட்டம் ஒன்றைக் குற்றம் என்று சொல்லப் பெரும்பாலும் இரண்டைக் கேட்கும்: ஒரு செயல், அதற்குப் பின்னால் ஒரு மனம். வேண்டுமென்றே செய்தாரா, விளைவு தெரிந்தே செய்தாரா, ஆபத்து தெரிந்தும் துணிந்தாரா, சாதாரண ஆள் காட்டக்கூடிய எச்சரிக்கையைக்கூடக் காட்டாமல் விட்டாரா. தண்டனை இந்தப் படிகளில் ஏறி இறங்கும். தானாக ஓடும் இயந்திரம் வந்தபோது செயல் ஒருபக்கமும் மனம் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டன. செயல் இயந்திரத்திடம் இருக்கிறது. மனமோ பத்துப் பதினைந்து பேரிடம் துண்டு துண்டாக இருக்கிறது, எந்தத் துண்டும் தனியாகப் பார்த்தால் குற்றமாகத் தெரியாது. ஆண்ட்ரியாஸ் மத்தியாஸ் என்ற ஆய்வாளர் 2004-இல் ‘பொறுப்பு இடைவெளி’ என்று ஒன்றைப் பற்றி எழுதினார். தானே கற்றுக்கொள்ளும் இயந்திரம் அடுத்து என்ன செய்யும் என்று அதை உருவாக்கியவருக்கே தெரியாதென்றால், அவரை எப்படிப் பொறுப்பாக்குவது என்பது அவருடைய கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் என் வண்டி எதையும் கற்றுக்கொள்ளவில்லை. எட்டு என்று சொன்னேன், எட்டு வரை காத்திருந்தது. பொறுப்பு இடைவெளி என்று சொல்லப்படும் பல இடங்களில் உற்றுப் பார்த்தால் யாரோ ஒருவர் ஓர் எண்ணை மாற்றியிருக்கிறார்.

மனமில்லாத பொருளைத் தண்டிப்பது புதிய யோசனை ஒன்றும் இல்லை. பழைய ஏதென்ஸில் பிரிட்டானியன் என்ற மன்றம் இருந்தது. ஆள் இறக்கக் காரணமான கல்லையோ மரத்தையோ இரும்பையோ அங்கே விசாரித்து நாட்டின் எல்லைக்கு வெளியே எறிவார்கள். பிரான்ஸின் சவிஞியில் 1457-இல் ஒரு சிறுவனைக் கொன்றதற்காக ஒரு தாய்ப்பன்றிக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். கூடவே பிடிபட்ட குட்டிகளைப் போதிய சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். (நீதிமன்ற வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இதுதான்.) இங்கிலாந்தில் ஆளைக் கொன்ற பொருள், அல்லது அதன் மதிப்பு, அரசுக்குப் போய்ச் சேரும் என்றொரு வழக்கம் நூற்றாண்டுகளாக இருந்தது. மாட்டு வண்டியும் கிணற்று வாளியும் காரணமாக இருந்தவரை யாருக்கும் பெரிய தொந்தரவில்லை. பிறகு ரயில் வந்தது. 1841-இல் சானிங் என்ற இடத்தில் ரயில் விபத்தில் ஆட்கள் இறந்தபோது, விசாரணை நடுவர் குழு ரயில் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் ஆயிரம் பவுண்டு விதித்தது. ரயில் கம்பெனிகள் அலறின. 1846-இல் நாடாளுமன்றம் அந்த வழக்கத்தையே ஒழித்தது. அதே ஆண்டு, விபத்தில் இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்க வழிசெய்யும் சட்டமும் வந்தது. பொருளின் மேல் இருந்த பழி உரிமையாளரின் பணப்பைக்கு மாறியது. புதிய இயந்திரம் ஒன்று வரும்போதெல்லாம் பழி இப்படி ஒருமுறை இடம் மாறுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் காலத்திலும் பொருளை ஆளாக்கிப் பார்க்கும் ஆசை போகவில்லை. 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு தீர்மானத்தில், மிக நுட்பமான ரோபோக்களுக்கு ‘மின்னணு நபர்’ என்ற சட்டத் தகுதி கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்றது. அடுத்த ஆண்டே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வல்லுநர்கள் கையெழுத்திட்டு எதிர்ப்புக் கடிதம் அனுப்பினார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. சிறைக்குப் போனால் ரோபோவுக்கு என்ன நஷ்டம்? அதை அனுப்பியவர் வெளியே சுகமாக இருப்பார், அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தில் இரண்டு கலைஞர்கள் 2014-இல் ஒரு நிரலை எழுதி, வாரம் நூறு டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கொடுத்து, கள்ளச் சந்தை இணையதளத்தில் எதையாவது வாங்கச் சொன்னார்கள். அது வாங்கியவற்றில் போதை மாத்திரையும் இருந்தது. அதையும் சேர்த்துக் கண்காட்சியில் வைத்தார்கள். காவல்துறை வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. சில மாதங்கள் கழித்து மாத்திரையை மட்டும் அழித்துவிட்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார்கள். கலைஞர்கள் மேலும் வழக்கில்லை, நிரல் மேலும் வழக்கில்லை. கலை என்பதால் தப்பித்தார்கள். அடுத்த ஆள் கலைஞராக இருக்கப் போவதில்லை.

இனி டெம்பி. இதைப் பற்றி எழுதாமல் மேலே போக முடியாது.

2018 மார்ச் 18, இரவு பத்து மணிக்குச் சற்று முன். அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார் ஒன்று தானாக ஓடிக்கொண்டிருந்தது. 49 வயதுப் பெண் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கடக்கும் கோடுகள் இல்லாத இடத்தில், சாலையைக் கடந்துகொண்டிருந்தார். கார் மோதி அவர் இறந்தார். காரில் பாதுகாப்பு ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அவர் கண் சாலையில் இல்லை, கைப்பேசியில் ஒரு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

செய்தியாகப் படித்தால் இவ்வளவுதான். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019 நவம்பரில் முடித்த விசாரணையைப் படித்தால் கதை வேறாகத் தெரியும். மோதுவதற்கு 5.6 நொடிகளுக்கு முன்பே கார் அவரைக் கண்டுபிடித்துவிட்டது. பார்த்தும், என்னவென்று அதற்குப் புரியவில்லை. ஒரு வாகனம் என்றது, அப்புறம் வேறு ஏதோ என்றது, அப்புறம் சைக்கிள் என்றது. பெயரை மாற்றும் ஒவ்வொரு முறையும், அந்தப் பொருள் அதுவரை எந்தப் பக்கம் நகர்ந்துவந்தது என்ற நினைவையும் கூடவே அழித்தது. அதனால் அவர் தன் பாதைக்குள் வந்துகொண்டிருக்கிறார் என்பது அதற்குக் கடைசிவரை உறைக்கவில்லை. கோடு இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடப்பார் என்ற சாத்தியமே அந்த வடிவமைப்பில் இல்லை. எந்தத் தெருவிலும் எந்த நேரத்திலும் நடக்கும் விஷயம் இது! கடைசியில், 1.2 நொடி இருக்கும்போது மோதல் நிச்சயம் என்று புரிந்தது. அப்போதும் கார் பிரேக் போடவில்லை. ஆபத்து என்று தெரிந்த பிறகும் ஒரு நொடி எதுவும் செய்யாமல் காத்திருக்கும்படி அதை அமைத்திருந்தார்கள்.

ஏன் அந்த ஒரு நொடி? பொய் எச்சரிக்கைகள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கார் பிரேக் போடுமோ என்ற கவலை.

இந்த வரியை முதல்முறை படித்தபோது மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இன்னும் இருக்கிறது. அந்த வால்வோ காருக்குத் தொழிற்சாலையிலிருந்தே வந்த அவசர பிரேக் வசதி உண்டு. தானியங்கி அமைப்பு ஓட்டும்போது அதை அணைத்து வைத்திருந்தார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புவரை சோதனைக் கார்களில் இரண்டு பேர் இருந்தார்கள், அதை ஒருவராகக் குறைத்திருந்தார்கள். இருட்டில், மணிக்கணக்காக, தானே ஓடும் காரில், ஒன்றும் செய்யாமல் விழிப்பாக மட்டும் இருக்க வேண்டிய வேலை. மனித மூளைக்கு இதைவிடக் கடினமான வேலையைக் கொடுப்பது சிரமம். விசாரணை வாரியம் ஓட்டுநரின் கவனச் சிதறலை முதன்மைக் காரணமாகச் சொன்னது, நிறுவனத்தின் பாதுகாப்பு நடைமுறைகளின் போதாமையையும் துணைக் காரணமாகச் சொன்னது.

நீதிமன்றத்தில் என்ன ஆனது? 2019 மார்ச்சில் அரசு வழக்கறிஞர், நிறுவனத்தின் மேல் குற்ற வழக்குத் தொடுக்க அடிப்படை இல்லை என்றார். 2020-இல் ஓட்டுநர் மேல் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றச்சாட்டு வந்தது. 2023 ஜூலையில் அதைவிடச் சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டார், மூன்று ஆண்டுகள் கண்காணிப்பில் இருக்க உத்தரவானது. அந்த ஒரு நொடியை எழுதியவர் யார், ஒப்புக்கொண்டவர் யார் என்று எந்த நீதிமன்றத்திலும் யாரும் கேட்கவில்லை. ஓட்டுநர் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. அவர் மேலே பார்த்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருக்கலாம். ஆனால் ‘காரணம்’ கட்டத்தில் மறுபடியும் முதல் வரியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

மேடலின் கிளேர் எலிஷ் என்ற ஆய்வாளர் இதற்கு ஓர் உவமை சொல்கிறார். காரின் முன்பகுதியை மோதலில் நசுங்கும்படி செய்திருப்பார்கள், அது நசுங்கினால் உள்ளே இருக்கும் மனிதர் தப்பிப்பார். தானியங்கி அமைப்புகளில் இது தலைகீழாகிறது. மனிதர் நசுங்குகிறார், அமைப்பின் பெயர் தப்பிக்கிறது. “நான்தான் சார் பார்க்காம நின்னுட்டேன்” என்று ஒருவர் தானாகவே சொல்லும்போது அந்த நசுங்கும் சத்தம் கேட்கும்.

அப்படியானால் நிறுவனங்கள் மேல் குற்றவியல் நடவடிக்கையே இல்லையா? உண்டு. எதற்காக என்று பாருங்கள். 2023 அக்டோபர் 2, சான் பிரான்சிஸ்கோ. மனிதர் ஓட்டிய ஒரு கார் ஒரு பெண்ணை இடித்துத் தள்ளிவிட்டு ஓடிவிட்டது. அவர் குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லா டாக்ஸியின் முன்னால் விழுந்தார். டாக்ஸியும் இடித்து நின்றது. நின்றதோடு விட்டிருக்கலாம். ஓரத்தில் நிறுத்த வேண்டும் என்ற விதிப்படி மறுபடி கிளம்பி, கீழே கிடந்தவரைச் சுமார் ஆறு மீட்டர் இழுத்துக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு குரூஸ் 5 லட்சம் டாலர் குற்றவியல் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. இழுத்துச் சென்றதற்காக இல்லை, இழுத்துச் சென்றதை அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் சொல்லாமல் விட்டதற்காக.

போயிங் 737 மேக்ஸ் கதையும் இதே பாதையில்தான் போகிறது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலுமாக இரண்டு விமானங்கள் விழுந்தன, 346 பேர் இறந்தார்கள். ஒரே ஓர் உணரியை நம்பி விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே அழுத்திய மென்பொருள். அப்படி ஒன்று இருப்பதே விமானிகளின் கையேட்டில் இல்லை. 2021-இல் அமெரிக்க அரசு போயிங் மேல் வைத்த குற்றச்சாட்டு, ஒழுங்குமுறை அமைப்பை ஏமாற்றச் சதி செய்தது. அதாவது மோசடி. தனிநபராகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே ஒரு முன்னாள் விமானி, அவரையும் 2022-இல் நடுவர் குழு விடுவித்தது. மோசமான முடிவை எடுத்தவரைச் சட்டத்தால் பிடிக்க முடியவில்லை, அதைப் பற்றிப் பொய் சொன்னவரை மட்டும் பிடிக்கப் பார்க்கிறது. நான் பொய் சொல்லவில்லை. சும்மா இருந்தேன். சும்மா இருப்பதற்கு எங்கேயும் அபராதம் இல்லை.

இந்த இடத்தில் இயந்திர அறம் பற்றிய பேச்சு என்றாலே வந்துவிடும் அந்தத் தண்டவாளப் புதிரை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. தண்டவாளத்தில் நிற்கும் ஐந்து பேரைக் காப்பாற்ற வண்டியைத் திருப்பி வேறொருவரைக் கொல்லலாமா? 1967-இல் ஃபிலிப்பா ஃபுட் என்ற தத்துவ அறிஞர் அதை எழுப்பியது வேறொரு தத்துவ விவாதத்துக்காக. இப்போது அதைக் காரின் தலையில் கட்டிவிட்டார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகம் முழுவதும் மக்களிடம் இணையம் வழியாக ‘யாரை இடிக்கலாம்’ என்று கேட்டு, சுமார் 4 கோடி பதில்களைச் சேர்த்து 2018-இல் வெளியிட்டார்கள். முதியவரா, குழந்தையா, நாயா. அதற்கு முந்தைய ஆண்டே ஜெர்மனி அரசு அமைத்த அறநெறிக் குழு, வயது, பாலினம் போன்றவற்றை வைத்து உயிர்களைத் தரம் பிரிக்கவே கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அது போகட்டும். நான் பார்த்தவரை எந்த வண்டியும் முதியவருக்கும் குழந்தைக்கும் நடுவே தர்மசங்கடத்தில் தவித்ததில்லை. முன்னால் நிற்பது ஆளா, பிளாஸ்டிக் உறையா என்பதில்தான் தவித்தது.

தேர்க்காலில் சிக்கிய கன்றுக்காக மகன் மேல் தேரை ஏற்றிய சோழனின் கதை நமக்கெல்லாம் தெரியும். இளவரசனின் கண்ணில் கன்று படவில்லை, அது துள்ளி நடுவில் வந்து விழுந்தது. இன்றைய சட்டப்படி அவனிடம் குற்ற மனம் இல்லை. பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர்களும் சொன்னார்கள். அரசன் கேட்கவில்லை. அவனைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு இப்போது நினைவில் நிற்பவர் அந்த அமைச்சர். தேரை ஓட்டும்படி அரசன் முதலில் கட்டளையிட்டது அவருக்குத்தான். அவர் ஓட்டவில்லை, உயிரை விட்டார்.

இயந்திரத்துக்கு அறம் கற்பிப்பது என்றால் முதலில் இந்த மறுப்பைத்தான் கற்பிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது, மறுப்பு எங்கள் வண்டியிடம் ஏற்கெனவே இருந்தது. ‘எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, போக மாட்டேன்’ என்று அது நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள்தான் அதற்குப் பொய் எச்சரிக்கை என்று பெயர் வைத்து நிறுத்தினோம்.

சரி, என்னை மாதிரி ஆட்களைச் சிறையில் போடலாமா? என் சொந்த வழக்கில் நானே நீதிபதியாக இருப்பது சரியில்லை என்றாலும் சொல்கிறேன். விமானத் துறையில் ஒரு பழைய ஞானம் உண்டு. விபத்தை விசாரிப்பது அடுத்த விபத்தைத் தடுக்க மட்டுமே, பழி சுமத்த இல்லை என்பது சர்வதேச விதியிலேயே எழுதியிருக்கிறது. தண்டனை பயம் இருந்தால் யாரும் உண்மை பேச மாட்டார்கள். ஓர் எண்ணை மாற்றியதற்குச் சிறை என்றால் அடுத்த நாளிலிருந்து மாற்றக் குறிப்புகளில் உண்மை இருக்காது. ஆகவே விசைப்பலகையில் கை வைத்தவனைப் பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இதில் என் சுயநலமும் கலந்திருக்கலாம், தள்ளுபடி செய்து படித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டன் 2024 மே மாதம் நிறைவேற்றிய தானியங்கி வாகனச் சட்டம் வேறு வழியில் போகிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. வண்டி தானாக ஓடும்போது, அது ஓடிய விதத்துக்காக உள்ளே உட்கார்ந்திருப்பவர் மேல் குற்றம் சாட்ட முடியாது. வண்டியின் ஓட்டத்துக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம் ஒன்று முன்கூட்டியே அரசிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பாதுகாப்பு பற்றிய தகவலை அந்த நிறுவனம் மறைத்தாலோ திரித்தாலோ குற்றம், மேலாளர்கள் மேலும் அது பாயலாம். அதனால் உயிர்ச்சேதமோ பெருங்காயமோ நேர்ந்தால் குற்றம் இன்னும் கனமாகும். இங்கேயும் தகவலைத்தான் பிடிக்கிறார்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆனால் நேரம் வேறு. ‘ஆபத்து தெரிந்தும் ஒரு நொடி காத்திருக்கும்’ என்பதை விபத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தால், அதை எழுதும் கை கொஞ்சம் தயங்கும். எட்டு என்று போடுவதற்கு முன் 37 சென்டிமீட்டர் என்று எழுதச் சொல்லியிருந்தால் நான் தயங்கியிருப்பேன். போடாமல் இருந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

தானாகக் குறிவைக்கும் ஆயுதங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது முடியாது. ஒன்று மட்டும். போர்ச் சட்டத்தில் தளபதியின் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது. தன் கீழ் இருப்பவர் செய்யும் குற்றம் தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், தடுக்காமல் விட்டவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கீழே இருப்பவர் குற்றம் செய்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் தொடக்கமே. கீழே இருப்பது மனமில்லாத பொருள் என்றால் அது எங்கிருந்து தொடங்கும்? கிடங்கு வண்டியில் கணுக்காலோடு போன கேள்வி அங்கே ஊரோடு போகும்.

நான் அந்த வேலையை விட்டு நாளாகிவிட்டது. விலகுவதற்கு முந்தைய வாரம் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். எண் 5 என்று மாறியிருந்தது. நான் மாற்றவில்லை. மாற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கணக்கின் பெயர் இருந்தது. ஏன் ஐந்து, ஏன் மூன்றில்லை என்று குறிப்பில் தேடினேன். ‘சிறு திருத்தம்’ என்று இருந்தது.